மவுஸைத் தொடாத பெர்ல் அக்கா

காலையில் அச்சகத்தைத் திறந்து, பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ஒரு பெண் குரல், "முடிஞ்சிட்டு தம்பி, விடியக்காலையில" என்றது. எங்கள் அச்சகத்துக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கும். பழக்கத்தில் என் கை பேனையை எடுத்துவிட்டது. "பேரும் வயசும் சொல்லுங்க. இந்துவா, கிறிஸ்தவமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு விம்மல் கேட்டது. பிறகு, "யோகன், நான் ரீட்டா அக்கா கதைக்கிறன். பெர்ல் போயிட்டா" என்றார்.

சாவு அறிவித்தல் அடித்தே சோறு தின்பவனுக்கு வரக்கூடிய பிழைதான் அது. பெர்ல் அக்கா இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். "ஏன் யோகன், படம் கறுப்பு வெள்ளையா, கலரா எண்டும் கேட்டிருக்கலாமே" என்று ஒரு மாதத்துக்கு என்னைக் கிண்டல் பண்ணியிருப்பார். நான் பேனையை வைத்துவிட்டு அழுதேன்.

இந்த நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டவரும் ரீட்டா அக்காதான். அவர் பெர்ல் அக்காவின் மூத்த சகோதரி. எழுதுவது என் வேலையல்ல. மற்றவர்கள் எழுதியதைச் சுற்றிப் பூவும் விளக்கும் சிலுவையும் வைப்பதுதான் என் வேலை. ஆனாலும் புளியந்தீவில் அந்தச் சின்ன அச்சகத்தில் பெர்ல் அக்காவுக்குப் பக்கத்து மேசையில் இத்தனை வருடம் இருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே தெரிந்ததைச் சொல்கிறேன்.

அவர் கடலோரத்து டச்பார் பக்கத்தில், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டில் பறங்கிப் பாஷை, மாதா கோயிலில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். கணவர் ஹென்றி அண்ணன் தச்சுவேலை செய்தவர். ஒரே மகன் டெரிக். பெர்ல் அக்கா மாவட்டச் செயலகமான கச்சேரிப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்து, அது மூடப்பட்ட பின் எங்களிடம் வந்தார். போர் நிறுத்தப்பட்ட சமாதான காலத்தில் கொழும்புப் பாதை திறந்தபோது எங்கள் முதலாளி கொழும்பிலிருந்து இரண்டு கணினிகள் கொண்டுவந்து இறக்கினார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. எனக்கு மவுஸைக் கண்டதும் பிடித்துவிட்டது. களுதாவளைத் தேரோட்டத்தில் வடம் கிடைத்தவனைப்போல அதைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். பெர்ல் அக்காவும் முதலில் அதைக் கொண்டுதான் வேலை செய்தார். அதை ஒரே நாளில் அவர் கைவிட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் மரண அறிவித்தலை எல்லோருக்கும் தெரியும். மேலே படமும் இறந்தவரின் பெயரும். நடுவில் உறவுகள், அவர்களில் முன்னரே போய்விட்டவர்களுக்குக் "காலஞ்சென்ற" என்று ஒரு சொல் முன்னால் வரும். அடியில், தகவல் தருவோர். அதாவது மேலே இருப்பவர் செத்தவர், கீழே இருப்பவர்கள் உயிரோடு இருந்து அழுகிறவர்கள். வாவிக்கு அக்கரையில் படுவான்கரையிலிருந்து, நிறைய வயல் உள்ள ஒரு போடியார் தன் அண்ணனுக்கு அறிவித்தல் அடிக்க வந்தார். அன்றே அடக்கம்; அவசரம். பெர்ல் அக்கா மவுஸால் எதையோ குறித்து எதையோ நகர்த்தப்போக, கீழே இருந்த போடியாரின் பெயர் இழுபட்டு மேலே போய் அண்ணனின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. போஸ்டர் அச்சாகி, துறையடியிலும் சந்தியிலும் ஒட்டியும் ஆயிற்று.

அடுத்த நாள் போடியார் சால்வையோடு வந்து வாசலில் நின்றார். "புள்ள, வயல் வட்டைக்குள்ள நிண்ட என்ர ஆக்கள் எல்லாம் என்னைச் சொல்லிக் குழறிக்கொண்டு வாறாங்க. நான் வாசல்ல குந்திக்கொண்டு வெத்திலை போடுறன். தாய்வீட்டுல நிண்ட என்ர பொஞ்சாதிதான் பாவம், ஓடிவந்து என்னைப் பாத்துட்டு மயங்கி விழுந்திட்டாள்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம். முதலாளிகூடச் சிரித்துவிட்டார். பெர்ல் அக்கா சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தன் கணினியின் பின்னால் இருந்து மவுஸின் வயரைக் கழற்றி, வாலைச் சுற்றி, அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு வந்தார்.

"கீழ இரிக்கிற மனிசனை மேல இழுத்துக்கொண்டு போற சாமான் எனக்கு வேணாம்" என்றார்.

கோபம் ஆறினால் எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவேயில்லை. கொழும்பிலிருந்து கணினி திருத்த வந்த பையன் மவுஸ் இல்லாத மேசையைப் பார்த்து, உடைந்துவிட்டதாக நினைத்துப் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். அடுத்த நாள் அலுமாரிக்கு மேலே இரண்டு இருந்தன.

அதன்பிறகு எல்லாம் விசைகளால்தான். ஒரு விசையை அழுத்தினால் மேலே பட்டியல் திறக்கும். அம்பு விசையால் இறங்கி, வேண்டிய இடத்தில் நின்று, தட்டுவார். பக்கத்தில் எங்கே போக வேண்டுமென்றாலும் சொல் சொல்லாய் நகர்ந்துதான் போவார். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில் புள்ளி வைத்த எழுத்து வரும் இடமெல்லாம் திரையில் மின்னி மின்னி நகரும் கோடு தடுக்கித் தடுக்கி நிற்கும். ஆகவே ஒரு பெயரைக் கடக்கவே நாலு தரம் தட்ட வேண்டும். எனக்குப் பார்க்கவே கை உளையும். "அக்கா, உலகம் எல்லாம் மவுஸில போகுது" என்பேன். "போகட்டும். நான் நடந்து வாறன்" என்பார். ஒருநாள் கொஞ்சம் நிதானமாகவே சொன்னார். "மவுஸ் எண்டா தாவிப் போயிரலாம் யோகன். இதுல ஒவ்வொரு பேரையும் மிதிக்காம தாண்டிக்கொண்டு போகணும். தாண்டக்குள்ள வாசிச்சுத்தானே ஆகணும்? ஒருத்தரையும் விட மாட்டம்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமாதான காலம் என்று பேர்தான்; எங்கள் ஊரில் மின்சாரம் போவதும் வெடிச் சத்தம் கேட்பதும் அன்றாடம். சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும் மேசைக்குக் கீழே குனிவோம். பெர்ல் அக்காவின் இடக்கை முதலில் சேமிக்கும் விசைக்குப் போகும். அதன்பிறகுதான் தலை குனியும். உயிர் போனாலும் அறிவித்தல் போகக்கூடாது என்று அவரைக் கேலி செய்வோம்.

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, அடுத்த நாள் சுனாமியாய்க் கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. பெர்ல் அக்கா காலைப் பூசைக்குப் புளியந்தீவுக் கோயிலுக்கு வந்திருந்தார். முதல்நாள் பாட்டும் கூத்துமாய் இருந்த களைப்பில் ஹென்றி அண்ணனும் சின்னப் பையன் டெரிக்கும் வீட்டில் படுத்திருந்தார்கள். அவர் திரும்பிப் போவதற்கு வீடும் இல்லை, வீடிருந்த ஒழுங்கையும் இல்லை. ஹென்றி அண்ணனை இரண்டு நாளின் பின் வாவிக் கரையில் கண்டெடுத்தார்கள். டெரிக் கிடைக்கவில்லை. ரீட்டா அக்காவும் அவரும் ஆஸ்பத்திரி, பாடசாலை, கோயில் என்று உடல்கள் கிடத்தியிருந்த இடமெல்லாம் ஏறி இறங்கினார்கள். எத்தனையோ பிள்ளைகளின் முகத்தைத் துணி விலக்கிப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்றும் டெரிக் இல்லை.

அதிகநாள் ஆகவில்லை, அவர் வேலைக்கு வந்துவிட்டார். முதலாளி பதறிப்போய், "இப்ப ஏன் வந்தீங்க? வீட்டுல இருங்க மிஸ்" என்றார். "வீடு எங்க இருக்கு முதலாளி?" என்று கேட்டுவிட்டுத் தன் கதிரையில் உட்கார்ந்தார்.

முப்பத்தோராம் நாள் காரியம் நெருங்கியபோது அச்சக வாசலில் சனம் வரிசையாக நின்றது. ஒரு குடும்பத்தில் ஒருவர் என்றில்லை. தாய், தகப்பன், பிள்ளைகள், கைக்குழந்தை என்று ஒரே அறிவித்தலில் படம் வைக்க இடம் காணாது. நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். படங்கள் எனக்கு, பெயர்கள் அவருக்கு. நான் மவுஸால் முகங்களை வெட்டி வெட்டி வரிசையில் வைப்பேன். அவர் பக்கத்தில் பெயர் பெயராக நடந்துகொண்டிருப்பார். அந்த நாட்களில் எங்கள் அச்சகத்திலிருந்து போன அறிவித்தல்களில் ஒரு பிழையைக்கூட ஒருவரும் காட்டவில்லை. எப்படி அதைச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் அவர் வாசித்துத்தான் கடந்தார்.

முதலாம் ஆண்டு வந்தது. ஹென்றி அண்ணனின் நினைவஞ்சலியைப் பெர்ல் அக்காவே அடித்தார். நான் சிலுவை வைத்துத் தர வேண்டும். தாளைக் கையில் தந்தார். மேலே ஹென்றி அண்ணனின் படம் மட்டும். அடியில், "பிரிவால் வாடும் மனைவி, மகன்" என்றிருந்தது.

நான் அவரைப் பார்த்தேன். "என்ன பாக்கிறாய்? அவன் கீழதான் இரிக்கணும்" என்றார்.

அந்த அறிவித்தல் ஊருக்குள் போனபோது கதை கிளம்பியது. பாவம், மனிசிக்கு மண்டை குழம்பிவிட்டது என்றார்கள் சிலர். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னார்கள், எடுக்கவில்லை. இருவருக்கும் சேர்த்துப் பூசை கொடுக்கச் சொன்னார் கோயில் சுவாமி, ஒருவருக்குத்தான் கொடுத்தார். மிகவும் சண்டை பிடித்தவர் ரீட்டா அக்கா. அச்சகத்துக்கே வந்து, எல்லோருக்கும் முன்னால், "செத்த புள்ளைக்குப் பூசை குடுக்காம ஆத்துமாவை அலைய விடுறியேடி. நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டார். பெர்ல் அக்கா அம்பு விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. "நீ அவனைச் செத்தவன் எண்டு சொன்னா, உன்ர வீட்டு முத்தம் மிதிக்க மாட்டன்" என்று மட்டும் சொன்னார். வீடு இழந்து ரீட்டா அக்கா வீட்டில்தான் அப்போது அவர் குடியிருந்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சொன்னார். ஒவ்வொரு வருடமும் நத்தார் கழிந்தால் அந்த அறிவித்தல் அச்சாகும். ஒவ்வொரு வருடமும் மகன் கீழே இருப்பான்.

போர் முடிந்த வருடம் எங்கள் வாசலுக்கு வேறு விதமான சனம் வரத் தொடங்கியது. படம் இருக்கும், சாவு நாள் இருக்காது. பனிச்சங்கேணியிலிருந்து ஒரு தாய் தன் தம்பியோடு வந்தார். கையில் மகனின் பாடசாலைப் படம். சில வருடங்களுக்கு முன் வடக்கே வன்னிப் பக்கம் போனவன், போர் முடிந்தபின்னும் ஒரு தகவலும் இல்லை. தம்பிக்காரன் கண்ணீர் அஞ்சலி ஒன்று அடித்துத் தரச் சொன்னார். தாய் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றார்.

பெர்ல் அக்கா கதிரையைத் திருப்பினார். "உங்களுக்குச் சம்மதமா அக்கா?"

"எல்லாரும் போடச் சொல்றாங்க தங்கச்சி. சாத்திரக்காரர் உயிரோட இரிக்கான் எண்டுதான் சொல்றார். இவங்க நம்புறாங்க இல்ல."

"அவனுக்குச் சோறு எடுத்து வைக்கிறீங்களா?"

தாய் தம்பியைப் பார்த்துவிட்டு மெல்ல, "ஓம். மீன் காய்ச்சினா ஒரு துண்டு எடுத்து வைப்பன்" என்றார்.

"அப்ப என்னத்துக்கு இங்க வந்தீங்க? இது முடிஞ்ச ஆக்களுக்கு அடிக்கிற இடம்" என்றார் பெர்ல் அக்கா. தம்பிக்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க வீணா ஆசை காட்டாதீங்க மிஸ். அவ நித்திரை கொண்டு வருசக் கணக்காகுது" என்றார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அந்தத் தாயின் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

பெர்ல் அக்கா கதிரையைத் தாயின் பக்கம் நகர்த்தினார். பிறகு தாயிடம் சொன்னார். "நான் ஒவ்வொரு நத்தாருக்கும் என்ர மகனுக்கு உடுக்க ஒரு சேட்டு எடுக்கிறன் அக்கா. வளந்திருப்பான் எண்டு ஒரு அளவு கூட்டித்தான் எடுக்கிறன். கடைக்காரன் மகனுக்கு எத்தனை வயசெண்டு கேப்பான், சொல்லுவன். அவன் வருவான் எண்டு நான் சொல்ல மாட்டன். எனக்குத் தெரியா. ஆனா அவன் போயிட்டான் எண்டு என்ர கையால அடிக்க ஒண்ணாது. உங்களுக்கு ஏலும் எண்டா சொல்லுங்க, இப்பவே அடிச்சுத் தாறன்."

அந்தத் தாய் படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சேட்டுக் கதையை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாது. அன்று பின்னேரம் முழுக்க அவரை ஒரு பகிடியும் பண்ண எனக்கு வாய் வரவில்லை.

அவருக்கு நெஞ்சு நோய் வந்தது. வாசற்படி ஏற முடியாமல் போயிற்று; பிறகு வேலைக்கு வருவதும் குறைந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது நல்ல தெளிவாகத்தான் இருந்தார். அலுமாரிக்கு மேலே இப்போது எத்தனை எலி சேர்ந்திருக்கிறது என்று விசாரித்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"எனக்கு நோட்டீஸ் நீதானே அடிப்பாய்?"

"வேற கதை கதைங்க அக்கா."

"கேள். அடிக்கக்குள்ள டெரிக்குக்கு அந்தச் சொல்லைப் போடு. காலஞ்சென்ற எண்டு போடு."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் இரிக்கும் வரைக்கும் அவன்ர வழியைப் பாத்துக்கொண்டு இரிக்க ஒரு ஆள் இரிந்த. மறுகா, எனக்குப் பிறகு, ஆரு இரிக்கா? ஒருத்தரும் பாத்துக்கொண்டு இரிக்காத புள்ளையை அப்பிடியே விட்டுட்டுப் போக ஒண்ணாது யோகன். என்னோட கூட்டிக்கொண்டு போறன். அந்தச் சொல்லை அடிக்க எனக்கு ஏலாது. நீ அடி."

சரி என்று தலையை ஆட்டினேன்.

அவர் போன அன்று காலையில், ரீட்டா அக்கா தொலைபேசியை வைத்தபின் நான் பெர்ல் அக்காவின் மேசையில் போய் உட்கார்ந்தேன். என் கணினியில் அடித்திருக்கலாம், மனம் வரவில்லை. மவுஸ் இல்லாத மேசையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தட்டித் தடவி, அவர் போகும் வழியில் போய், அவர் பெயரை அடித்தேன். டச்பாரைப் பிறப்பிடமாகக் கொண்டவர். காலஞ்சென்ற ஹென்றியின் அன்பு மனைவி. அடுத்த வரியில், எனக்கு இட்ட கட்டளைப்படி, "காலஞ்சென்ற டெரிக்கின் பாசமிகு தாயார்" என்று அடித்தேன். அடித்து முடிக்க வெகுநேரம் எடுத்தது.

ரீட்டா அக்கா படத்தோடு வந்து சேர்ந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. எனக்குப் பின்னால் நின்று திரையை மெல்ல வாசித்தார். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். இந்த ஒரு சொல்லுக்காகத் தங்கையோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவர். ஆறுதலடைவார் என்றுதான் நினைத்தேன். அவர் கையை நீட்டித் திரையில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து மறைத்தார்.

"இதை எடுங்க தம்பி."

"பெர்ல் அக்காதான் போடச் சொன்னவ. இனி அவனைப் பாத்துக்கொண்டு இரிக்க ஆளில்லை எண்டு…"

"அவ என்னைக் கேட்டாளா?" என்றார் ரீட்டா அக்கா. குரல் உடைந்தது. "ஆளில்லை எண்டு ஆரு சொன்ன? நான் இரிக்கன். நான் பாத்துக்கொண்டு இரிக்கன். எடுங்க."

நான் அழிக்கும் விசையைத் தட்டினேன். அந்தச் சொல் பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் போயிற்று. பிறகு பக்கத்தின் அடிக்கு இறங்கிப் போய், தகவல் தருவோர் என்ற இடத்தில், "மகன், சகோதரி" என்று அடித்தேன். ரீட்டா அக்கா இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, ஓம் என்றார். அன்று மத்தியானமே போஸ்டர் டச்பார் எங்கும் ஒட்டப்பட்டது. ஊர் பார்த்தது, இந்த முறை ஒருவரும் ஒரு கதையும் கதைக்கவில்லை.

பெர்ல் அக்கா, நீங்கள் சொன்னதை நாங்கள் செய்யவில்லை. உங்கள் சவப்பெட்டியோடு ஒருவரையும் கூட்டி அனுப்பவில்லை. உங்கள் மகன் இந்த ஊரில், உங்களை இழந்தவர்களின் வரியில், உங்கள் அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறான். வருகிற நத்தாருக்குச் சேட்டு எடுக்க நீங்கள் வழக்கமாகப் போகும் கடை எது என்று ரீட்டா அக்கா என்னிடம் விசாரித்து வைத்திருக்கிறார். காவலுக்கு ஆள் இருக்கிறது. நீங்கள் இனி இளைப்பாறலாம். போய் வாருங்கள் அக்கா.